பிள்ளைக்குக் கட்டளை, அரசுக்கு விலக்கு

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், முதியோரைக் கைவிடும் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் வரை சிறை என்கிறது. அதே சட்டத்தின் 19ஆவது பிரிவோ, மாவட்டத்திற்கு ஒன்றேனும், ஆதரவற்ற 150 பேர் தங்கும் இல்லத்தை மாநில அரசு 'அமைக்கலாம்' என்று மட்டுமே சொல்கிறது. கூலிக்கார மகனுக்குச் சிறை. அரசுக்கோ ஒரு 'லாம்'!

ஒன்றிய அரசு தருவது என்ன? 60 முதல் 79 வயது வரையிலான வறியோருக்கு மாதம் 200 ரூபாய். 2007 முதல் அது ஒரு காசும் உயரவில்லை. இதில் வாடகை எது, மருந்து எது? (குடும்பப் பண்பாடு பற்றிய உபதேசம் மட்டும் இலவசம்.) 2019இல் வீட்டுவசதி அமைச்சகம் ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி நெறிமுறைகள் வெளியிட்டது, அவை விலை கொடுத்து வீடு வாங்க வல்லவர்களுக்கே உதவும். அவ்வீடுகளைக் கட்டி முதுகொடிந்த தொழிலாளிக்கு?

'அமைக்கலாம்' என்பதை 'அமைத்தே தீரவேண்டும்' எனத் திருத்துக! ஓய்வூதியத்தை விலைவாசியுடன் இணைத்திடுக!