தெரசாகியின் கட்டுரைகளை எண்ணாதீர்கள்

ஒரு மருத்துவ ஆய்வாளர் எத்தனை கட்டுரை வெளியிட்டார், பிறர் அவற்றை எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்ற இரண்டு எண்களை வைத்து ஆளை எடைபோட்டுவிடலாம் என்பது நம் மருத்துவக் கல்லூரி வட்டாரத்தில் ஏறக்குறைய வேதவாக்கு. பதவி உயர்வு விதிகளிலேயே கட்டுரைக் கணக்கு இருக்கிறது. சிறுநீரக மாற்றுத் துறையின் வரலாற்றைப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது.

எண்ணிக்கைக் கட்சிக்காரர்கள் முதலில் இழுத்து வரும் சாட்சி உறுப்பு மாற்று அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்டார்ஸல். 2,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள். ஒரு கட்டத்தில் 7.3 நாளுக்கு ஒன்று. நல்ல சாட்சிதான். ஆனால் அவர் பெயரை நிலைநாட்டியது 1963-இல் வந்த ஒரு கட்டுரை. அசாதியோபிரின் மருந்தோடு பிரெட்னிசோனும் கொடுத்தால், உடல் நிராகரிக்கத் தொடங்கிய சிறுநீரகத்தையும் மீட்கலாம் என்று டென்வரிலிருந்து அவர் குழு காட்டியது. அந்த 2,000-இல் பெரும்பகுதி அப்போது எழுதப்படவே இல்லை. (சிறுநீரக மாற்றுக்கான நோபல் 1990-இல் ஜோசப் மர்ரேவுக்குப் போனது. ஸ்டார்ஸலுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. நோபல் குழுவும் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.)

சரி, எண்ணிக்கை வேண்டாம், மேற்கோள் பொய் சொல்லாதே என்பார்கள். சொல்லும். லாஸ் ஏஞ்சலிஸின் பால் தெரசாகி மருத்துவர் அல்ல, விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்றவர். திசுப் பொருத்தம் பார்க்க, ஒரு மைக்ரோலிட்டர் சீரம் போதும் என்கிற முறையை 1964-இல் வெளியிட்டார். அந்தச் சோதனைக்கான குழித்தட்டுக்கு இன்றும் 'தெரசாகி தட்டு' என்றே பெயர். அதைக் கையாளும் ஆய்வகப் பணியாளர் யாரும் மூலக் கட்டுரைக்கு மேற்கோள் போடுவதில்லை. ஒரு கண்டுபிடிப்பு அன்றாட வேலையில் கரைந்துவிட்டால் அதன் மேற்கோள் எண்ணிக்கை ஏறுவது நின்றுவிடுகிறது.

1969-இல் பட்டேல் என்ற சக ஆய்வாளரும் தெரசாகியும் எழுதிய கட்டுரையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கொடையாளரின் வெள்ளையணுக்களை நோயாளியின் சீரத்தோடு கலக்க வேண்டும். நோயாளியிடம் எதிர்ப்புப் பொருள் ஏற்கெனவே இருந்தால் அந்த அணுக்கள் செத்துப்போகும், மைக்ராஸ்கோப்பில் தெரியும். இதுதான் கிராஸ்மேட்ச். இப்படிச் சோதித்த 225 மாற்று சிகிச்சைகளில் 30 பேருக்கு பாசிட்டிவ். அவர்களில் 24 பேருக்குப் பொருத்திய சிறுநீரகம் உடனே செயலிழந்தது. நெகட்டிவ் வந்த 195 பேரில் அப்படி ஆனது 8 பேருக்குத்தான். இதற்குமேல் புள்ளியியல் வித்தை எதற்கு? இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் 'கிராஸ்மேட்ச் ரிசல்ட் வந்ததா?' என்று குடும்பமே வராந்தாவில் காத்திருப்பதற்குப் பின்னால் இருப்பது அந்த 24-ம் 8-ம்தான். தெரசாகியின் கட்டுரைப் பட்டியலில் அதற்கு ஒரே ஒரு வரிசை எண்.

தன் துறையின் நம்பிக்கைக்கு எதிராக வெளியிடுவது ஒருவரின் ஆய்வுப் பட்டியலுக்குக் களங்கம் என்று இன்னொரு பேச்சு உண்டு. 1970-இல் ஹேக் நகர மாநாட்டில் தெரசாகி அதைத்தான் செய்தார். இறந்தவர்களிடமிருந்து எடுத்த சிறுநீரகங்களில், எச்.எல்.ஏ. எனும் திசுப் பொருத்தத்தின் அளவை வைத்துப் பலனை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை என்றார். அந்தப் பொருத்தம் பார்க்கும் முறையையே வளர்த்தவர் அவர்! அதனால் அவருக்கு வந்துகொண்டிருந்த அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் நிதி நின்றுபோனது. அவர் தளரவில்லை. 1995-இல் அவர் குழு வெளியிட்ட கணக்கில், கணவனோ மனைவியோ கொடுத்த சிறுநீரகங்களில் 85 சதவீதம் மூன்று ஆண்டுக்குப் பிறகும் வேலை செய்தன. பெற்றோர் கொடுத்தவை 82, இறந்தவர்களுடையவை 70. தம்பதிக்குள் திசுப் பொருத்தம் குறைவு என்றாலும் பலன் குறையவில்லை. 'ரத்த சம்பந்தம் இல்லையே' என்று தயங்கிய மனைவிமாருக்கு இதைவிட நல்ல பதில் ஏது?

கடைசியாக ஒரு நியாயமான ஆட்சேபம்: எண்ணாவிட்டால் சிபாரிசு புகுந்துவிடும். உண்மைதான். ஆனால் துறைத் தலைவர் பெயரை எல்லாக் கட்டுரையிலும் ஒட்டவைக்கும் பழக்கத்தை எண்ணிக்கை தடுத்ததா, வளர்த்ததா? விண்ணப்பிப்பவர் தன் கட்டுரைகளில் மூன்றை மட்டும் தரட்டும். தேர்வுக் குழு அவற்றைப் படித்துவிட்டு வந்து, அதிலுள்ள ஓர் அட்டவணையை நேர்முகத்தில் விளக்கச் சொல்லட்டும். பெயரை மட்டும் சேர்த்துக்கொண்டவர் ஐந்தாவது நிமிடத்தில் மாட்டிக்கொள்வார்.