கடைசி வரிசைக்கு மட்டுமா தொழிற்கல்வி?



“இவனுக்குப் படிப்பு ஏறாது. பேசாமல் ஏதாவது தொழில் படிக்க அனுப்பிவிடுங்கள்.”

பெற்றோர் சந்திப்பு நாளில் நம் பள்ளிகளில் இவ்வாக்கியம் ஒலிக்காத ஆண்டில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக 22 ஆண்டுகள் பணியாற்றிவிட்டேன். எத்தனை முறை இதைக் கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. கேட்டது மட்டுமன்று, நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது ஏதோ நல்வழி காட்டிவிட்ட நிறைவும் எனக்கு இருந்தது. அந்த நிறைவு பொய்யானது என்பதை உணர எனக்கு நெடுங்காலம் ஆயிற்று. ஆகவே, பிறரைச் சாடுவதற்கு முன் என்னைச் சாடிக்கொண்டே தொடங்குகிறேன்.

என்னிடம் பயின்ற ஒருவன்

ஏறக்குறைய 18 ஆண்டுகளுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டில் என்னிடம் ஒரு மாணவன் பயின்றான். தோட்டம் துண்டாடப்பட்ட பின்னர் மலிவு விலை அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர்ந்த குடும்பம். வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவான். பின்னக் கணக்கு என்றால் தலையைக் குனிந்துகொள்வான். ஆனால், அன்றைய கெமாஹிரான் ஹிடுப் என்ற வாழ்வியல் திறன் பாடவேளையில் மின்கலம், கம்பி, விளக்கு மூன்றையும் கையில் கொடுத்துவிட்டால் போதும். நான் கரும்பலகையில் படம் வரைந்து முடிப்பதற்குள் அவன் விளக்கை எரியவிட்டிருப்பான். பக்கத்து மேசைக்காரனின் விளக்கு ஏன் எரியவில்லை என்பதையும் கண்டுபிடித்திருப்பான்.

அவனுக்கு நான் இரண்டு அநீதிகள் இழைத்தேன். ஆறாம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். நெருங்கியதும் அந்த வாழ்வியல் திறன் பாடவேளையைப் பிடுங்கிக் கணிதப் பயிற்சிக்குக் கொடுத்தேன். அவன் கை பேசிய ஒரே நேரம் அது. இது முதல் அநீதி. பிடுங்கிய நேரத்தில் நடந்த கணிதப் பயிற்சியாவது அவனுக்கானதா என்றால், அதுவும் இல்லை. 7ஏ பெறக்கூடியவர்களுக்கான பயிற்சி அது. அவன் பின்வரிசையில் அமர்ந்து விடைகளைப் பார்த்தெழுதிக்கொண்டிருந்தான். ‘எப்படியும் ஏதாவது தொழில் செய்து பிழைத்துக்கொள்வான்’ என்று நான் மனத்தை ஆற்றிக்கொண்டேன். இது இரண்டாவது அநீதி, முதலாவதைவிடப் பெரியது.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் பழைய வயரிங்கை மாற்ற வேண்டியிருந்தது. குத்தகையாளருடன் வந்த மூவரில் ஒருவர், “டீச்சர், என்னைத் தெரியலையா?” என்று கேட்டபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அதே கண்கள். இரண்டு நாள் அவன் வேலை செய்வதைப் பார்த்தேன். அவ்வளவு நேர்த்தி! ஆயினும், வேலை முடிந்ததும் தாள்களில் கையொப்பமிட வேறொருவர் வந்தார். ஏன் என்று கேட்டேன்.

“எனக்கு லைசன்ஸ் இல்ல டீச்சர். பத்து வருசமா இந்த வேலைதான். நாள் சம்பளம். ஒரு தடவை வகுப்புக்குப் போனேன். முதல் வாரமே கணக்கும் மலாய்ப் புத்தகமும்தான். பயந்து ஓடி வந்துட்டேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுத்தறியாதவனுக்குத் தொழிலும் இல்லை

நம் நாட்டில் மின்கம்பி இணைப்பு வேலை முடிந்ததும் அதற்கான சான்றில் எவர் வேண்டுமானாலும் கையொப்பமிட முடியாது. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் கையொப்பமிட வேண்டும். ஒருமுனை மின்சாரத்திற்கு ஒரு தகுதி. மும்முனை மின்சாரத்திற்கு வேறு தகுதி. அச்சான்றைப் பெற வேண்டுமானால் மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை ஆகியவற்றின் கணக்குத் தெரிய வேண்டும். சுற்றுப்படத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். விதிமுறைகளை மலாயிலோ ஆங்கிலத்திலோ வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

மற்றத் தொழில்களும் இப்படித்தான். பற்றவைப்பவருக்குக் கோணமும் அளவும் வேண்டும். இன்றைய மோட்டார் பட்டறையில் பழுது எதுவென்பதைக் கணினித் திரைதான் முதலில் சொல்கிறது. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். மூன்று நிலைகள் கொண்டது. அதற்கு மேல் நான்காம் நிலையில் டிப்ளோமா, ஐந்தாம் நிலையில் உயர்நிலை டிப்ளோமா. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் இந்த ஏணிக்குச் சட்டத் தகுதியும் தந்திருக்கிறது. வேலை அனுபவம் உள்ளவர்கள் வகுப்பறைக்கு வராமலேயே சான்றிதழ் பெறும் வழியும் உண்டு. ஆனால், அதற்கும் தம் திறனை மெய்ப்பிக்கும் ஆவணக் கோப்பைத் தொகுத்து அளிக்க வேண்டும். பத்தாண்டுகள் உழைத்த கைகள் அந்தக் கோப்பின் முன்தான் நின்றுவிடுகின்றன.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று பழமொழி சொல்லி மகிழ்கிறோம். ஏடு தெரியாதவனின் சுரைக்காய் சந்தையில் பாதி விலைக்குத்தான் போகிறது என்பதை யார் சொல்வது? ‘படிப்பு வராதவனுக்குத் தொழிற்கல்வி’ என்ற வாக்கியம் தொழிலையும் இழிவுபடுத்துகிறது. அந்தப் பிள்ளைக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் கடமையிலிருந்து நம்மையும் விடுவித்துவிடுகிறது. ஆசிரியருக்கு இதைவிட வசதியான வாக்கியம் வேறெதுவும் இல்லை!

“மீண்டும் கூலி வேலையா?”

இவ்விடத்தில் பெற்றோர் சிலர் சினந்து கேட்பீர்கள்: “எங்கள் பாட்டன் பால் வெட்டினார். அப்பன் செம்பனைக் குலை சுமந்தார். எங்கள் பிள்ளையாவது மருத்துவராகட்டும், வழக்கறிஞராகட்டும் என்று பார்த்தால், மறுபடியும் கைவேலைக்கே போகச் சொல்கிறீர்களா?”

இக்கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன். இதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டின் வலி இருக்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நம் தமிழ்ப்பள்ளிகள் பல அப்படித்தான் பிறந்தன. ஆனால், அந்தப் பள்ளிகளால் தோட்ட முதலாளிக்குக் கிடைத்த பயன் என்ன? தொழிலாளர் குடும்பத்தோடு தங்குவார்கள். பிள்ளை வளர்ந்ததும் அதே நிரையில் வேலைக்கு வருவான். தோட்டத்தை விட்டு வெளியேறப் பயன்படும் எதையும் அங்கே கற்பிக்க அவர்களுக்கு அவசியம் இருக்கவில்லை.

இங்கேதான் நாம் வேறுபாட்டைக் காண வேண்டும். பால்வெட்டு எளிய வேலையன்று. மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையைச் சீவுவதற்கு எத்துணை நுட்பம் வேண்டும்! ஆனால், அந்த நுட்பத்திற்கு ஒரு சான்றிதழும் கிடையாது. தோட்டம் விற்கப்பட்ட நாளில் அது மதிப்பிழந்தது. நம் முன்னோரை வறுமையில் வைத்தது கைவேலையன்று, சான்றில்லாத கைவேலை. கையில் திறனும் சட்டைப்பையில் சான்றும் உள்ளவனை எவரும் கூலி என்று அழைப்பதில்லை. வேலைக்கு விலை கூறுபவன் அவன்தான்.

மருத்துவராகும் பிள்ளை ஆகட்டும், மகிழ்வோம். ஆனால் ஒரு வகுப்பில் 25 பேர் இருந்தால், இருவரின் கனவுக்காக 23 பேரின் பள்ளிக்காலத்தை வீணாக்குவது எந்த அறத்தில் சேரும்?

அரசு செய்ய வேண்டியவை

தொழிற்கல்வியை விரிவாக்குவதில் அரசு ஆர்வம் காட்டாமலில்லை. 2012இல் பழைய தொழில்நுட்ப, தொழிற்பள்ளிகளைக் கொலேஜ் வோகேஷனல் எனப்படும் தொழிற்கல்லூரிகளாக மாற்றும் பணி தொடங்கியது. 2013–2025 கல்விப் பெருந்திட்டமும் தொழிற்கல்வியை வலியுறுத்தியது. இன்று ‘திவேட்’ என்ற சொல் இடம்பெறாத அரசியல் மேடை இல்லை. படிவம் மூன்றுக்குப் பின் தொழிற்கல்லூரியில் சேரும் மாணவர் டிப்ளோமா வரை செல்லலாம். அதற்கு மேலும் படிக்க விரும்புவோர்க்கு மலாக்கா, பகாங், பெர்லிஸ், ஜொகூர் ஆகிய மாநிலங்களில் நான்கு தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. வழி அடைபட்டதன்று, நெடியது. இவற்றையெல்லாம் வரவேற்கிறேன்.

ஆயினும் மூன்று கோரிக்கைகள் உண்டு.

முதலாவது, தொழிற்கல்வி தனிக் கல்லூரிகளின் மதிலுக்குள் மட்டும் இருக்கக்கூடாது. ஒவ்வொரு வட்டார இடைநிலைப்பள்ளியிலும் தொழிற்பாடம் இருக்க வேண்டும். அறிவியல் பிரிவு மாணவியும் அதைத் தேர்ந்தெடுக்கும் வகையில் இருக்க வேண்டும். நன்றாகப் படிப்பவரும் அமரும் வகுப்பை எவரும் குப்பைத்தொட்டி என்று சொல்ல மாட்டார்கள். பள்ளிப் பட்டறைகளில் துருப்பிடித்த கருவிகளுக்குப் பதில் புதியன வர வேண்டும். தொழில் தெரிந்த ஆசிரியர்கள் வர வேண்டும்.

இரண்டாவது, தொழிற்கல்லூரிகளுக்கு யார் விண்ணப்பித்தார்கள், யாருக்கு இடம் கிடைத்தது என்ற விவரத்தை ஆண்டுதோறும் இனவாரியாகவும் பள்ளிவாரியாகவும் வெளியிட வேண்டும். ‘விண்ணப்பித்தாலும் நம்மவர்க்கு இடமில்லை’ என்ற மனக்குறை நம் சமூகத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அக்குறை உண்மையானால் திருத்தப்பட வேண்டும். உண்மையில்லையென்றால் விண்ணப்பிக்காமல் இருப்பதற்கு அது சாக்காகக் கூடாது. எண்கள் வெளிவந்தால் இரு தரப்பும் நேர்மையாகப் பேசலாம்.

மூன்றாவது, புகுமுக வகுப்பு. மலாய்மொழியில் பின்தங்கித் தமிழ்ப்பள்ளியிலிருந்து செல்லும் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் ஓராண்டு கூடுதலாகப் படிக்கிறார்கள். அந்த ஓராண்டை மொழிப் பயிற்சியோடு கைத்திறனும் கலந்து கற்பிக்கும் ஆண்டாக மாற்றலாமே! கருவியின் பெயரையும் பயனையும் மலாயில் சொல்லப் பழகும் பிள்ளைக்கு, அம்மொழி அச்சமூட்டும் தேர்வுத் தாளாக இராது.

அண்டை நாட்டைப் பாருங்கள். சிங்கப்பூரில் 1992இல் தொழில்நுட்பக் கல்விக் கழகம் தொடங்கப்பட்டபோது, அதன் ஆங்கில எழுத்துச் சுருக்கத்தை ‘இத்தோடு முடிந்தது’ என்ற பொருள்பட விரித்துக் கேலி செய்தார்கள். அரசு அறிவுரையோடு நின்றுவிடவில்லை, பணத்தைக் கொட்டியது. மூன்று பெரிய வளாகங்களை எழுப்பியது. சிறப்பாகத் தேறியவர்கள் பல்தொழில்நுட்பக் கல்லூரிக்குச் செல்லும் பாதையையும் வகுத்தது. அங்கும் பழைய எண்ணம் முற்றாக அழிந்துவிடவில்லை. ஆயினும், மதிப்பை வாயால் தர முடியாது, கட்டடத்தாலும் கருவியாலும் மேற்படிப்பு வழியாலும்தான் தர முடியும் என்பதை அவர்கள் காட்டினார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

அரசைக் கேட்பது எளிது. நம் கையில் இருப்பதற்கு வருகிறேன்.

1. திருடிய பாடவேளையைத் திருப்பித் தருவோம். வாழ்வியல் திறன் போய், வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் 2014 முதல் நான்காம் ஆண்டில் நுழைந்தது. யு.பி.எஸ்.ஆர். 2021இல் ஒழிக்கப்பட்டது. தேர்வு போயிற்று, திருட்டு போயிற்றா? நாடக ஒத்திகை, விளையாட்டுப் போட்டி, முடிக்காத கணிதப் பாடம் என எது வந்தாலும் முதலில் பலியாவது இந்தப் பாடவேளைதான். நூலைப் பார்த்துக் குறிப்பெழுத வைத்துவிட்டுப் பாடம் நடந்ததாகப் பதிவு செய்கிறோம். ஊசியைத் தொடாமல் தையல் கற்ற பிள்ளைகளை நாம் உருவாக்குகிறோம்!

2. ஆறாம் ஆண்டை முடிக்கும் எந்தப் பிள்ளையும் வாசிக்கத் தெரியாமல், பின்னமும் சதவீதமும் தெரியாமல் நம் வாயிலைத் தாண்டக்கூடாது. கடைசி வரிசைப் பிள்ளைக்கு முதல் வரிசை நேரத்தைக் கொடுப்போம்.

3. தன்முனைப்பு உரைக்கு ஆண்டுதோறும் மருத்துவரையும் வழக்கறிஞரையும் மட்டுமே அழைக்கிறோம். ஒருமுறை, சொந்தப் பட்டறை நடத்தும் நம் முன்னாள் மாணவரை அழைப்போம். சான்று பெற்ற பெண் தொழில்நுட்பரை அழைப்போம். பரிசளிப்பு விழாப் பதாகையில் 7ஏ, 8ஏ முகங்களை ஆண்டாண்டாகப் பார்த்த பிள்ளைகள், அதில் தம் அண்ணன் முகமும் இருப்பதைப் பார்க்கட்டும்.

4. பெற்றோர்களே, பிள்ளை படிவம் இரண்டில் இருக்கும்போதே அருகிலுள்ள தொழிற்கல்லூரிக்கு அழைத்துச் சென்று காட்டுங்கள். விண்ணப்ப நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தோல்விக்குப் பின் தேடும் இடமாக அது இருக்க வேண்டாம். பிள்ளை விரும்பினால் முதல் தேர்வாகவே அது இருக்கட்டும்.

என் மாணவன் வேலையை முடித்துக் கிளம்பும்போது என் வீட்டுக் கூடத்தின் விளக்கைப் போட்டுக் காட்டினான். பதினொரு வயதில் காட்டிய அதே பெருமிதம். இப்போது சனிக்கிழமைகளில் என் வீட்டிற்கு வருகிறான். பின்னத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம், மலாய் விதிமுறை நூலையும் பக்கம் பக்கமாக வாசிக்கிறோம். அவன் தேறுவான் என்ற நம்பிக்கை எனக்குண்டு. ஆனால், ஐந்தாம் ஆண்டில் கொடுத்திருக்க வேண்டியதை அவனது இருபத்தொன்பதாம் வயதில் கொடுக்கிறேன். இடைப்பட்ட ஆண்டுகளின் சம்பளத்தை அவனுக்கு யார் ஈடுசெய்வது?

இந்த ஆண்டும் உங்கள் வகுப்பில் ஒருவன் பின்வரிசையில் அமர்ந்திருப்பான். அவனைப் பற்றி அந்த வாக்கியத்தைச் சொல்வதற்கு முன், ஒரு நொடி நாவை அடக்குங்கள். அவனுக்குரிய பாடவேளை இந்த வாரம் நடந்ததா என்று அட்டவணையைப் பாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியை