அந்தப் பேரல் யாரோடது பாஸ்?

செமஸ்டர் ரிசல்ட்டுக்குக்கூட நாம இப்படிக் காத்திருந்தது கிடையாது. 2016 பிப்ரவரியில 'மிருதன்' வந்துச்சு. மிருகத்தையும் மனிதனையும் ஒட்ட வெச்ச பேரு. தமிழ்ல முதல் ஜோம்பி படம்னு சொல்லித்தான் ரிலீஸ் பண்ணாங்க. கடைசியில ஹீரோவையே கடி வாங்க வெச்சு, 'அப்புறம்?'னு நம்மளைக் கேட்க விட்டுட்டுப் போயிட்டாங்க. அந்த 'அப்புறம்' இன்னும் தியேட்டருக்கு வந்தபாடில்லை. அன்னிக்கு டிரவுசர் போட்டுட்டுப் பார்த்த பசங்க, இன்னிக்கு பிராஜெக்ட் ரிவ்யூவுக்கு ஓடிட்டு இருக்கோம்!

அதே ஜெயம் ரவி (இப்போ ரவி மோகன்) அருள்மொழிவர்மனா நடிச்ச 'பொன்னியின் செல்வன்' 2022 செப்டம்பர்ல பாதியில நின்னு, 2023 ஏப்ரல்ல முடிஞ்சிருச்சு. ஏழே மாசம். கல்கி 1950-ல தொடரா ஆரம்பிச்சப்போ வாரா வாரம் மீதி வந்துரும். அதுவுமில்லாம, படம் வர்றதுக்கு முன்னாடியே நம்ம பாட்டிகளுக்கெல்லாம் கதை தெரியும். மிருதனுக்கு மீதி என்னன்னு எந்தப் பாட்டிக்கும் தெரியாதே!

நமக்கு இதுல கொஞ்சம் கூடுதல் உரிமை இருக்குங்க. கதை ஊட்டியில ஆரம்பிச்சு கோயமுத்தூர்ல வந்து நிக்குது. அங்கேருந்து நம்ம நல்லூர் சுமார் அறுபது கிலோமீட்டர்தான். அவினாசி ரோட்டுல டிராஃபிக் இல்லைன்னா பார்ட்-2 இந்நேரம் காங்கேயம் ரோட்டுக்கே வந்திருக்கும். படத்துல ஜோம்பிகளுக்குத் தண்ணின்னா பயம். இங்கே வந்தா ரொம்ப வசதி. பழைய நொய்யல் தண்ணியைப் பார்த்தா ஜோம்பி என்ன, நாமளே பயந்து ஓடியிருப்போம்!

ஜோக் இருக்கட்டும். படத்துல எல்லாம் எதுல ஆரம்பிக்குது? பேரல்லேருந்து கசிஞ்ச ரசாயனத்தை ஒரு நாய் குடிக்கறதுல. அதுக்கப்புறம் துப்பாக்கி, ஓட்டம், காதல்னு கதை பறக்குது. பேரலை மறந்துட்டாங்க. அதே 2016-ல வந்த கொரியப் படம் 'டிரெயின் டு பூசான்' மறக்கலை. அங்கேயும் ஒரு பயோடெக் கம்பெனியில கசிவு. அந்தக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தினதே தன் ஆபீஸ்தான்னு ஹீரோவுக்கு ஓடுற ரயில்லதான் தெரிய வரும். கையைக் கழுவுவான் பாருங்க, அந்த ஒரு சீனுக்காகவே படத்தை ரெண்டு தடவை பார்க்கலாம். அதோட அடுத்த படமா 2020-ல வந்த 'பெனின்சுலா'வுல கார் ரேஸ்தான் மிச்சம். அடுத்த பாகம் வந்தா மட்டும் போதாதுன்னு அப்பவே புரிஞ்சு போச்சு.

அந்தக் கைகழுவுற சீன் திருப்பூர்க்காரனுக்குச் சுருக்குனு குத்தும். பாசனத்துக்காக நொய்யல்ல கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்குற குட்டையா மாறிப் போச்சு. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம், சொட்டுக் கழிவுகூட வெளியே போகக் கூடாது, அதுவரைக்கும் சாயப்பட்டறைகளை மூடுங்கன்னு சொல்லிருச்சு. ஆத்துக்கு நல்லது. ஆனா சாயம் ஏறாத துணியை வெச்சுக்கிட்டு என்ன தைக்கிறது? கட்டிங், டைலர், செக்கிங்னு வரிசையா எல்லாருக்கும் வேலை அடி வாங்குச்சு. அந்தப் பேரல் யாரோடதுன்னு இங்கே கேட்டா, ஒத்தை வில்லனைக் கைகாட்ட முடியாது. பாதி ஊரோட சம்பளம் அதுக்குள்ள இருக்கு. நம்ம காலேஜ் ஃபீஸும்தான்.

அதனால டைரக்டர் சக்தி சௌந்தர்ராஜன் சாருக்கு ஒரே விண்ணப்பம். பார்ட்-2 எடுத்தா, பேரலை ஏத்திட்டு வந்த வண்டி எந்த கேட்லேருந்து கிளம்புச்சுன்னு முதல் சீன்லயே காட்டிடுங்க. லொகேஷன் வேணும்னா நொய்யல் கரையில பார்த்து வைக்கிறோம். ஜோம்பியா நடிக்க ஆள் தேடி அலைய வேணாம் சார். அரியர் எக்ஸாம் முடியற அன்னிக்கு மத்தியானம் ஒரு மணிக்கு எங்க காலேஜ் கேட்டுக்கு வந்துடுங்க. மேக்கப்பே தேவைப்படாது!