மேற்பூச்சும் உட்புண்ணும்

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட்டுக்குப் பிரயாணம் செய்வோர், தேயிலைச் சரிவுகளுக்கிடையே விரிந்து கிடக்கும் காசல்ரீ நீர்த்தேக்கத்தைக் கண்டு களிக்காதிருக்க முடியாது. கெசல்கமு ஓயாவை மறித்து, மின்சார உற்பத்தியின் பொருட்டு 1965-ஆம் ஆண்டளவில் அமைக்கப்பட்ட நீர்ப்பரப்பு அது. அதன் கரையிலே, சென்ற தை மாதத்தில், பழைய பாய்ப்படகொன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒன்றல்ல, இரண்டு உடல்கள் உடைய படகு. அவற்றைக் குறுக்கே இரு உலோகத் தண்டுகள் இணைத்திருந்தன. ஆங்கிலேயர் இத்தகைய படகைக் 'கட்டமரான்' என்று வழங்குவர்.

படகுக்குரியவர் நம் நண்பர். சித்திரை விடுமுறையிலே நம் மாணவர் சிலரை அதில் ஏற்றிப் பாய் விரிக்கும் வித்தையைக் கற்பிப்பதாக வாக்களித்திருந்தார். வறட்சியில் நீர் வற்றிய காலத்தே ஒரு பாறை தட்டியதால், இடப்பக்கத்து உடலிலே உள்ளங்கை அகலத்திற்கு ஒரு வெடிப்புக் கண்டிருந்தது. "கொஞ்சம் பசை வைத்து அடைத்துப் பெயின்ட் பூசிவிட்டால் போதாதா?" என்று நம்மைக் கேட்டார். படித்தவர் என்பதற்காக எல்லா விஷயத்திலும் நம்மிடம் அபிப்பிராயம் கேட்பது அவர் வழக்கம். நாமும் சற்றே குனிந்து பார்த்துவிட்டு, "தாராளமாகப் போதும்" என்று தலையாட்டினோம். அது எத்தகைய பிழை என்பதைச் சொல்வதற்காகவே இவ்வாரம் பேனா எடுத்தோம்.

நல்வினைப் பயனாக, வேலையைச் செய்ய வந்தவர் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர். 1960-களின் இறுதியில் நோர்வே நாட்டவரின் உதவியோடு காரைநகரிலே தோன்றிய சீநோர் நிறுவனத்தின் படகுத்துறையில், இளமையிலே தொழில் பழகியவர். கண்ணாடி இழையாலான மீன்பிடிப் படகுகளை வடபகுதி மக்கள் நன்கு அறியச் செய்த இடம் அது. அவர் வெடிப்பைப் பார்க்கவேயில்லை. ஒரு நாணயத்தை எடுத்துப் படகின் உடலெங்கும் தட்டிக்கொண்டே போனார். சந்தையிலே பானை வாங்கும் தாய்மார் தட்டிப் பார்ப்பார்களே, அதே பாவனை! நல்ல இடத்தில் 'டிண்' என்று ஒலித்தது. குறுக்குத் தண்டு பொருந்தும் இடத்தருகே 'தொப்' என்று மழுங்கிற்று.

"உது மேல்பூச்சு, மாஸ்டர். உள்ளுக்குத் தண்ணி நிக்குது. உங்கை பெயின்ட் அடிச்சால் கண்ணுக்குத்தான் வடிவு" என்றார் பெரியவர்.

அவர் கூற்றின் உண்மையை விளங்கிக்கொள்ள, அப்படகின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். உள்ளும் புறமும் பிசின் ஊட்டிய கண்ணாடி இழை. இரண்டுக்கும் நடுவே இலேசான நுரைப்பலகை. இம்மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் வரையில்தான் அதற்குப் பலம். வெடிப்பின் வழியே நீர் புகுந்தால் நுரை ஊறும், ஒட்டு விடும், பாரமும் ஏறும். இரட்டைப் படகிலே இதற்கு மேலும் ஓர் அபாயம் உண்டு. அலை எழும்போது ஓர் உடல் உயர, மற்றையது தாழ, அந்த முறுக்கு முழுவதும் குறுக்குத் தண்டின் பொருத்திலேதான் விழுகிறது. அவ்விடம் உளுத்திருந்தால், நடுநீரில் தண்டு பிடுங்கிக்கொள்ளும். மாணவர்கள் ஏறியிருக்க அவ்வாறு நேர்ந்தால்? நாம் தலையாட்டியதை நினைத்து அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை.

'கட்டமரான்' என்னும் அச்சொல் நம் கட்டுமரத்திலிருந்து பிறந்தது என்பதை மாணவர் பலர் அறிவர். பெயர் நம்முடையதாயினும் இரட்டைப் படகு பசிபிக் தீவினரின் அமைப்பு. நம் கட்டுமரமோ மரங்களைக் கயிற்றால் பிணைத்த மிதவை. தொழில் முடிந்து கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களை வெயிலிலே உலர்த்துவது சோழமண்டலக் கரையோர மீனவரின் வழக்கம். ஊறிய மரம் கனக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மரமொன்று பழுதானால் அதை மாத்திரம் மாற்றிக்கொள்ளலாம். கண்ணாடி இழைப் படகை அவிழ்க்க முடியாது; ஆகவே அறுக்க வேண்டியிருக்கிறது. ஆயினும், உலர்த்தாமல் மூடலாகாது என்னும் விதி இரண்டுக்கும் பொதுவே.

பெரியவர் அறுத்தார். உள்ளங்கையளவு வெடிப்புக்காக முழ நீளத்துக்குத் தோலை உரித்தெடுத்தபோது நண்பரின் முகம் வாடிற்று. உள்ளிருந்து கறுத்த நீர் வடிந்தது. முன்னொரு காலத்தில் யாரோ பசை வைத்து அடைத்துப் பூசியிருந்த சுவடும் தெரிந்தது. ஊறிய நுரையை அகற்றி, பத்து நாள் உலரவிட்டு, அதே கனத்தில் புதிய நுரைப்பலகையை வெட்டிப் பொருத்தினார். பிறகு வெட்டுவாயின் ஓரத்தைச் சுற்றிலும் சரிவாகத் தேய்த்தார். தோலின் கனத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரிவு வேண்டுமாம். கனம் 4 மில்லிமீற்றர் என்றால், ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் தூரம் படிப்படியாக மெலிய வேண்டும். அப்போதுதான் புதிய இழை பழைய இழையைப் பரந்த பரப்பிலே பற்றிக்கொள்ளும். தேய்க்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு. ஆதலின் மூக்கும் வாயும் மூடிய தூசிக் கவசமும் கண்ணாடியும் இன்றி அவர் எவரையும் அருகே விடவில்லை.

கடற்கரையில் இல்லாத சங்கடம் ஒன்று மலைநாட்டில் எதிர்ப்பட்டது. அதுதான் குளிர். இவ்வகைப் பிசின் இறுகுவதற்குச் சூடு வேண்டும். 15 பாகைக்குக் கீழே சென்றால் சோம்பிக் கிடக்கும். சில வேளைகளில் முற்றாக இறுகாமலே நின்றுவிடும். தை மாதத்து இரவோ அதனினும் குளிர்ந்தது. விடியலில் பனி படிந்து படகு நனைந்தது. "இறுக்கும் மருந்தைக் கூட்டிவிட்டால் என்ன?" என்றார் நண்பர். பெரியவர் இசையவில்லை. 100 பங்கு பிசினுக்கு 1 முதல் 2 பங்கு வரையே அம்மருந்து. மிகுந்தால் சூடேறி நொறுங்கும். விரைவுபடுத்தும் கோபால்ற்றையும் இறுக்கும் மருந்தையும் நேரே கலந்தாலோ வெடிக்கவும் கூடும். அவர் செய்த யுக்தி எளியது. படகின் மேல் படங்கினால் கூடாரம் அடித்தார். உள்ளே மின்குமிழ்களை வைத்து முதலில் படகைச் சூடாக்கினார். பிசின் பூசும் நேரத்தில் குமிழ்களை அகற்றிப் படங்கையும் திறந்துவிட்டார். அதன் ஆவி தீப்பற்றக்கூடியது அன்றோ! வேலை முற்பகல் பதினொரு மணிக்குமேல் வெயிலேறிய பின்னரே நடந்தது. ஆவி அடங்கிய பின், மாலையில் மீண்டும் சூடு.

அவருக்கு உதவியாக நின்றவன் நம் பழைய மாணவன். தோட்டத்துப் பிள்ளை, சாதாரண தரப் பரீட்சையில் தவறிப் படிப்பை நிறுத்தியவன். கொழும்புக் கடையொன்றில் வேலைக்குப் போகவிருந்தான். ஒருநாள் பெரியவர் நாணயத்தை அவனிடம் கொடுத்து, "தம்பி, மற்றப் பக்கத்தை நீ தட்டிப் பார்" என்றார். அவன் கண்ணை மூடிக்கொண்டு தட்டினான். ஓரிடத்தில் நின்று பென்சிலால் வட்டமிட்டான். "ஐயா, இதற்குள்ளேயும் தண்ணீர் இருக்கிறது." நமக்கு ஓசையில் யாதொரு வேறுபாடும் தெரியவில்லை. அவ்விடத்தில் சிறு துளையிட்டபோது நீர் கசிந்தது! அவன் வரைந்த வட்டமும் ஊறிய பரப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அவனுடைய தேர்ச்சி அறிக்கையிலே 'கவனம் போதாது' என்று எழுதியது இந்தக் கைதான். மேலே தெரிந்த வெடிப்பைப் பார்த்தோமே யன்றி, நாம் அவனைத் தட்டிப் பார்க்கவில்லை.

சித்திரையில் படகு இறங்கவில்லை. இரண்டாம் பக்கத்தையும் அறுக்க நேர்ந்ததால் விடுமுறை கழிந்துவிட்டது, மாணவர் ஏமாற்றமடைந்தனர், நண்பருக்குச் செலவும் இரட்டித்தது. மழை தொடங்குமுன், வைகாசி முதல் வாரத்தில் படகை நீரில் விட்டார்கள். பெரியவரும் அவனும் மாத்திரம் ஏறி ஒரு மணி நேரம் பாய் விரித்துத் திரும்பினர். கரையேற்றி அடியிலுள்ள தக்கையைப் பிடுங்கியபோது ஒரு சொட்டு நீர்கூட வரவில்லை. அதன் பின்பே நண்பர் மாணவர்களுக்கு நாள் குறித்தார்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடற்கோளின் பின்னர், இழந்த படகுகளுக்கு ஈடாக அவசர அவசரமாகக் கட்டப்பட்டவற்றுள் தரக்குறைவானவை பல இருந்தமையை நாடு அறியும். பூச்சு பளபளத்தது, உள்ளே இழை போதவில்லை. பளபளப்பை நம்பி நடுக்கடலுக்குச் செல்பவன் தன் உயிரையே பணயம் வைக்கிறான்.

பெரியவர் காரைநகருக்குத் திரும்பிவிட்டார். அவன் கொழும்புக்குப் போகவில்லை. ஆனி மாதத்தில் அவரிடம் தொழில் பழக யாழ்ப்பாணம் புறப்பட்டான். விடைபெற வந்தவன், "சேர், பெயின்ட் அடித்தால் போதும் என்று நீங்கள் சொன்னீர்களாமே!" என்று கேட்டுச் சிரித்தான். ஆம், சொன்னோம். அடுத்த தவணைத் தேர்ச்சி அறிக்கைகள் இப்போது நம் மேசைமீது கிடக்கின்றன; பேனாவைத் திறக்கச் சற்றே தயக்கமாயிருக்கிறது.