வென்றவர் பெயரில் ஒரு பாலம்



நாட்றாம்பாளையத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வந்த அவருடைய மகன் கொண்டுவந்த நாட்காட்டியில் ஒரு பாலத்தின் படம் இருக்கிறதாம். பச்சை நிறத்தில் ஓர் ஆறு, இரு கரைகளிலும் கல் வீடுகள், மெலிந்துயர்ந்த மினாராக்கள், நடுவே ஒரே வளைவாய் ஆற்றைத் தாண்டும் கல் பாலம். “இது எந்த ஊர்? இப்படி ஓர் இடத்தை நம்மைப் போன்ற குடும்பத்தினர் கண்ணால் காண வழியுண்டா?” என்று கேட்கிறார்.

சகோதரியே, அந்த ஊர் மோஸ்டார். போஸ்னியா நாட்டில் நெரெத்வா ஆற்றங்கரையில் அமைந்த பழம்பெரும் நகரம். பாலத்தைக் காவல் புரிந்தவர்களைக் குறிக்கும் சொல்லிலிருந்தே ஊருக்குப் பெயர் வந்தது என்றால், அப்பாலத்தின் மதிப்பை நீங்களே உணர்ந்துகொள்ளலாம். உதுமானிய சுல்தான் சுலைமானின் ஆணைப்படி, சினான் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரின் மாணாக்கரான மிமார் ஹைருத்தீன் அதனைக் கட்டினார். 1566ஆம் ஆண்டு பணி நிறைவெய்தியது. ஏறத்தாழ 29 மீட்டர் இடைவெளியை நடுவில் ஒரு தூணும் இன்றித் தாண்டுகிறது அந்த வளைவு. நாட்காட்டிகளில் நாம் காணும் படம் பெரும்பாலும் அருகிலுள்ள கோஸ்கி மெஹ்மத் பாஷா பள்ளிவாசலின் பக்கமிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கும். அதன் மினாராவில் ஏறி நின்றால் பாலமும் ஆறும் பழைய கடைவீதியும் ஒருசேரத் தெரியும்.

ஆனால் உங்கள் படத்தில் இருப்பது சுல்தான் காலத்துப் பாலம் அன்று. 427 ஆண்டுகள் நின்ற அந்தப் பாலம், 1993ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள், போஸ்னியப் போரின்போது குரோவாசியப் படையினரின் பீரங்கித் தாக்குதலில் ஆற்றுக்குள் விழுந்தது. அந்நாட்களில் போஸ்னியாச் செய்திகளை வானொலியில் கேட்டுக் கலங்கியவர்கள் நம் வீடுகளில் இன்றும் இருக்கின்றனர். போர் ஓய்ந்தபின் ஆற்றின் அடியிலிருந்து பழைய கற்களை மேலே எடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை மீண்டும் பயன்படுத்தும் நிலையில் இல்லை. ஆகவே, அப்பகுதியிலேயே கிடைக்கும் அதே வகைக் கல்லைப் புதிதாக வெட்டி, பழைய முறைப்படியே செதுக்கி, இரும்புப் பிணைப்புகளை ஈயம் ஊற்றி இறுக்கிக் கட்டினார்கள். 2004ஆம் ஆண்டு ஜூலை 23இல் பாலம் மீண்டும் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

இது உங்கள் கேள்வியின் முற்பாதிக்கு விடை. பிற்பாதிக்கு விடை உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடவுச்சீட்டு தேவையில்லை.

நாட்றாம்பாளையத்திலிருந்து ஒகேனக்கல் செல்லும் சாலையில் போய் நீங்கள் பார்க்கிற காவிரி இருக்கிறதே, அந்தத் தண்ணீர் மேகதாட்டின் குறுகிய பாறையிடுக்கையும், அதற்கு முன் சிவசமுத்திரத்து அருவிகளையும், அதற்கும் முன் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பழைய கல் பாலத்தையும் கடந்து வந்தது. சீமைப் பாலத்தைக் காண ஏங்கும் நாம், நம் வீட்டு ஆற்றின் மேலே 1804ஆம் ஆண்டு முதல் நிற்கும் பாலத்தைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் போகிறவர்கள் திப்பு சுல்தானின் கும்பஸுக்குப் போகிறார்கள், மஸ்ஜிதே அஃலாவின் இரட்டை மினாராக்களைக் காண்கிறார்கள், தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியங்களை வியக்கிறார்கள், பேருந்து ஏறிவிடுகிறார்கள். பாலத்துக்குப் போகிறவர் சிலரே.

அதன் பெயர் வெல்லெஸ்லி பாலம். நம்மவர் சிலர் அங்கே செல்லாததற்கு அந்தப் பெயரே காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. சுல்தான் போரிட்டு உயிர் நீத்தார். மறுநாள் தந்தை ஹைதர் அலியின் அருகே நல்லடக்கம் செய்யப்பட்டார். அந்தப் போரை நடத்திய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபு. ஐந்தே ஆண்டுகளில், அதே ஊரில், அதே ஆற்றின் மீது அவருடைய பெயரில் ஒரு பாலம்!

கட்டியவர் யார் என்பதுதான் இன்னும் கூர்மையான செய்தி. அவர் பூர்ணையா. ஹைதர் அலியிடம் பணியாற்றி, திப்பு சுல்தானிடம் வரவுசெலவுப் பொறுப்பில் உயர்ந்த இடம் வகித்த அதே அமைச்சர். சுல்தானின் மறைவுக்குப் பின் ஆங்கிலேயர் உடையார் குலத்துச் சிறுவர் ஒருவரை அரியணையில் அமர்த்தினர். அரசர் பருவம் எய்தும்வரை ஆட்சியை நடத்திய திவான் பூர்ணையாதான். 1811 வரை அப்பொறுப்பில் இருந்து, மறு ஆண்டு காலமானார்.

நேற்றுவரை சுல்தானின் அவையில் இருந்தவர் இன்று சுல்தானை வீழ்த்தியவரின் பெயரைப் பாலத்துக்குச் சூட்டியதை எப்படி எடுத்துக்கொள்வது? இதைப் பற்றி நம் பெரியவர்களிடையே இருவேறு கருத்துகள் உண்டு. துரோகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் ஒரு சாரார். என் எண்ணம் வேறு. மீர் சாதிக்கின் கதையோடு பூர்ணையாவின் கதையைச் சேர்த்துக் கட்டுவது சரியன்று. அரசு வீழ்ந்தது. மக்கள் வீழ்ந்துவிடவில்லை. அவர்கள் ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. சந்தைக்கு நெல்லும் ராகியும் போக வேண்டியிருந்தது. பெயர் வென்றவருக்குப் போயிற்று, பாதை எல்லாருக்கும் ஆயிற்று. அந்தப் பெயரை அவர் மனமுவந்து வைத்தாரா, வேறு வழியின்றி வைத்தாரா என்பதை அவரும் அவருடைய இறைவனுமே அறிவர். கும்பஸின் உள்ளே தந்தம் பதித்த கருங்காலிக் கதவுகள் இருக்கின்றனவே, அவையும் பிற்காலத்து ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு அளித்தவை என்பதைப் பலர் அறிவதில்லை. அதற்காக நாம் ஜியாரத்துக்குப் போகாமல் இருக்கிறோமா?

இந்த வரலாறு உங்களுக்கு அயலூர்க் கதை அன்று. கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஆனால் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதி 1799 வரை மைசூர் அரசோடு இருந்தது. உங்கள் மலைச் சரிவில் விளைந்த தானியத்தின் வரி அந்தக் கோட்டைக்குத்தான் போயிற்று.

இனிப் பாலத்தைப் பார்ப்போம். மோஸ்டாரின் அழகு ஒற்றை வளைவு. இங்கே வளைவே கிடையாது. வரிசை வரிசையாகக் கல் தூண்கள். தூண்களின் தலையில் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் தாங்கு கற்கள். அவற்றின் மேல் நீளமான கல் உத்தரங்கள். அதன் மேல் பாதை. நம் நாட்டு மண்டபங்களில் காணும் அதே வேலைதான், ஆற்றின் குறுக்கே நீண்டு கிடக்கிறது. ஏன் இத்தனை தூண்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள், சொல்லிக்கொடுங்கள். கல்லானது மேலிருந்து அழுத்தும் சுமையை எவ்வளவும் தாங்கும், வளைந்து கொடுக்காது. நீண்ட கல்லை இரு முனைகளில் மட்டும் தாங்கவைத்து நடுவில் சுமை ஏற்றினால், அடிப்பக்கம் இழுபட்டு முறிந்துவிடும். ஆகவே தூண்களை நெருக்கமாக நிறுத்த வேண்டும். தூணின் தலையிலுள்ள தாங்கு கற்கள் இடைவெளியை மேலும் குறைக்கின்றன. வளைவில் கட்டினால் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அழுத்தி நிற்குமேயன்றி இழுபடாது. அதனால்தான் ஹைருத்தீனால் தூணின்றித் தாண்ட முடிந்தது. அங்கே ஆழமான பள்ளத்தில் ஓடும் ஆறு. இங்கே அகன்று பரந்து பாறைகளின் மேல் ஓடும் ஆறு. அந்தந்த ஆற்றுக்கு ஏற்றபடி அவரவர் கட்டினர்.

இரு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எத்தனையோ வெள்ளங்களைக் கண்டும் இப்பாலம் நிற்கிறது. எல்லாப் பாலங்களுக்கும் அந்தப் பேறு கிட்டுவதில்லை. இதே ஆற்றில் கீழே சிவசமுத்திரத்தின் அருகே இதே முறையில் கட்டப்பட்ட பழைய கல் பாலத்தின் ஒரு பகுதியை 2018ஆம் ஆண்டு வெள்ளம் அடித்துச் சென்றுவிட்டது. மோஸ்டார் பாலம் வீழ்ந்தபோது உலகமே அழுதது. சிவசமுத்திரத்துப் பாலம் இடிந்த செய்தியை நம்மில் எத்தனை பேர் படித்தோம்? மனம் வைத்தால் காக்க முடியாததும் இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே இருப்புப்பாதையை இரட்டைப் பாதையாக்கும் பணிக்கு இடையூறாக இருந்த திப்புவின் ஆயுதக் கிடங்கை, ஏறத்தாழ 1,000 டன் எடையுள்ள அக்கட்டடத்தை, 2017ஆம் ஆண்டு இடிக்காமல் அப்படியே பெயர்த்து 130 மீட்டர் அளவுக்கு நகர்த்தி வைத்தார்கள். அதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஒரு தயக்கம் உங்களுக்கு இருக்கும். எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரி நீர்ப் பிரச்சினையால் அங்கே தமிழர்களுக்கும் தமிழகப் பதிவெண் வாகனங்களுக்கும் நேர்ந்தவற்றை எல்லையோரத்தில் வாழும் நீங்கள் எங்களைவிட நன்கு அறிவீர்கள். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16இல் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது. அந்த நீரை அளப்பது உங்கள் பக்கத்துப் பிலிகுண்டுலுவில்தான். மழை பொய்த்த ஆண்டுகளில், குறிப்பாக ஆகஸ்ட், செப்டம்பரில், மண்டியா வழிப் பயணத்துக்கு முன் செய்தித்தாளைப் பார்த்துக்கொள்வது அறிவுடைமை. மற்ற நாட்களில் அஞ்ச வேண்டியதில்லை. உங்களில் பலர் வீட்டில் கன்னடமும் தக்னி உருதும் தமிழும் கலந்தே புழங்குகின்றன. வழி கேட்க உங்களுக்கு எந்த ஊரிலும் சிரமம் இராது.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூர் சேர்ந்து, அங்கிருந்து மைசூர்ச் சாலையில் சுமார் 125 கிலோமீட்டர் சென்றால் ஸ்ரீரங்கப்பட்டணம். பேருந்தும் உண்டு, ரயிலும் உண்டு. 2023இல் திறக்கப்பட்ட விரைவுச்சாலையின் முதன்மைப் பாதையில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. இளைஞர்கள் பக்கவாட்டுச் சாலையிலேயே செல்ல வேண்டும். விரைவுச்சாலை ஊருக்குள் புகாமல் புறவழியாகப் போய்விடும் என்பதால், வாடகை வண்டி ஓட்டுநரிடம் முன்னதாகவே சொல்லிவையுங்கள்.

மழைக்காலத்தில் கிருஷ்ணராஜசாகர் அணையிலிருந்து பெருநீர் திறக்கும்போது பாலத்தின் பக்கம் செல்லத் தடை விதிப்பார்கள். தடை இருந்தால் திரும்பிவிடுங்கள். கெஞ்சிப் பார்க்க வேண்டாம். தடை இல்லாத நாளிலும் ஆற்றில் இறங்க வேண்டா. பாறைகள் வழுக்கும், பாறையிடுக்குகளில் ஆழம் வெளியே தெரியாது. பிள்ளைகளின் கையை விடாதீர்கள். படம் எடுப்பதற்காக விளிம்பில் நிற்கும் வழக்கத்தைப் பெரியவர்களும் தவிர்ப்பது நலம்.

கார்காலம் ஓய்ந்து, நீர் தெளிந்து ஓடும் டிசம்பர், ஜனவரி மாதங்களே ஏற்றவை. முற்பகலில் கும்பஸையும் தரியா தௌலத்தையும் முடித்து, மஸ்ஜிதே அஃலாவில் ளுஹர் தொழுதுவிட்டு, வெயில் தணிந்தபின் பாலத்துக்கு வாருங்கள். பாலத்தின் மேல் நின்று பார்ப்பதைவிடக் கரையோரம் சற்று விலகி நின்று பக்கவாட்டில் பாருங்கள். சாயும் வெயில் தூண்களுக்கிடையே புகுந்து நீரில் விழும்போது, ஒவ்வொரு தூணும் இரண்டாகத் தெரியும். கையோடு சிற்றுண்டி கொண்டுபோனால் இலையையும் காகிதத்தையும் ஆற்றில் போடாமல் திருப்பி எடுத்து வாருங்கள்.