வண்டி ஓடும்போதே பாதை மாற்றுவோம்

“நாளை முதல்” என்று தொடங்கும் தீர்மானங்களுக்கு நம் வீடுகளில் ஆயுள் குறைவு. சர்க்கரை கூடியிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாளே வெள்ளை அரிசிக்கு வீட்டில் தடை. பேத்தி பள்ளியில் சுற்றுச்சூழல் உறுதிமொழி எடுத்து வந்தாள். அன்று மாலையே நல்ல நிலையில் உள்ள பிளாஸ்டிக் டப்பாக்கள் எல்லாம் குப்பைக்குப் போகின்றன, கடையிலிருந்து புது டப்பாக்கள் வருகின்றன. பதினைந்தாம் நாள் போய்ப் பார்த்தால் அரிசியும் திரும்பி வந்திருக்கும், பிளாஸ்டிக்கும் திரும்பி வந்திருக்கும். மிஞ்சுவது “இதெல்லாம் நமக்கு ஒத்து வராது” என்ற முடிவு ஒன்றுதான். மற்றவை போனாலும் பரவாயில்லை, அந்த முடிவு தங்கிவிடுவதுதான் ஆபத்து.

உடலுக்கும் ஊருக்கும் நல்லது என்று நாம் தொடங்கும் மாற்றங்கள் தோற்பதற்கு மனவுறுதிக் குறைவு காரணமல்ல, அளவுக்கு மீறிய வேகமே காரணம் என்பது என் கருத்து.

டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை பாதைப் பராமரிப்பில் காலம் கழித்தவன் நான். அந்த அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மர ஸ்லீப்பர்களும் இரும்பு ஸ்லீப்பர்களும் பல இடங்களில் இருந்தன. இன்று பிரதான பாதைகளில் கண்ணுக்கெட்டிய தூரம் கான்கிரீட் ஸ்லீப்பர்கள். இதற்காக வண்டிகளை ஒரு வருடம் நிறுத்தி வைக்கவில்லை. இரண்டு வண்டிகளுக்கு நடுவே இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ ‘பிளாக்’ வாங்குவோம். அதற்குள் முடிந்ததை மாற்றி, ஜல்லியைக் கெட்டித்து, வேகக் கட்டுப்பாடு போட்டு வண்டியை விடுவோம். மறுநாள் அடுத்த துண்டு. அதேபோல், நேர்ப்பாதையை வளைவோடு சட்டென்று இணைப்பதும் இல்லை. நடுவில் மெல்ல மெல்ல வளையும் ஒரு துண்டை அமைத்து, வெளிப்பக்கத் தண்டவாளத்தையும் சிறிது சிறிதாகவே உயர்த்துவோம். உள்ளே உறங்கும் பயணிக்கு வளைவு வந்து போனதே தெரியாது.

குடும்பமும் ஓடுகிற வண்டிதான். காலையில் ஆபீஸ், பள்ளிக்கூடம், மாத்திரை வேளை, பால்காரர், விருந்தாளி என்று நிற்காமல் ஓடுகிறது. அதை நிறுத்திவிட்டுப் பாதையை மாற்ற முடியாது.

காவிரிக் கணக்கு

எங்கிருந்து தொடங்குவது? தண்ணீரிலிருந்து தொடங்குங்கள் என்பேன். ஆரோக்கியத்தையும் சிக்கனத்தையும் தாண்டி, இந்த ஊரில் வாழும் தமிழர்களான நமக்கு இதில் தனியாக ஒரு கடமை இருக்கிறது.

பெங்களூருக்கு 1896-இல் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. 1933-இல் திப்பகொண்டனஹள்ளி சேர்ந்தது. காவிரி வந்தது 1974-இல். இன்று ஜீவனஹள்ளியில் எங்கள் குழாயைத் திறந்தால் வரும் காவிரி, தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. தூரம், ஏறத்தாழ 500 மீட்டர் உயரம், கட்டம் கட்டமாகப் பம்பு வைத்து ஏற்றி அனுப்பப்படுகிறது. ஆயிரம் லிட்டர் தண்ணீரை 500 மீட்டர் உயர்த்த, இழப்பே இல்லை என்று வைத்தாலும் 1.36 யூனிட் மின்சாரம் வேண்டும். பம்பின் இழப்பு, குழாயின் உராய்வு இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய 2 யூனிட் ஆகிவிடும். ஆகவே குழாயை மூடுவதும் விளக்கை அணைப்பதும் ஒரே வேலைதான்.

2024 கோடையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நகரில் இருந்த சுமார் 14,000 அரசு ஆழ்குழாய்களில் 6,900 வற்றிவிட்டதாக அரசே சொன்னது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று மார்ச் மாதம் உத்தரவு வந்தது. அந்த அக்டோபரில் காவிரி 5-ஆம் கட்டம் திறக்கப்பட்டு, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வர வழி பிறந்தது. “இனிக் கவலையில்லை” என்று பலர் பெருமூச்சு விட்டார்கள்.

ஆனால் அந்தத் தண்ணீர் வானத்திலிருந்து புதிதாக இறங்கியதல்ல. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், தமிழ்நாட்டுக்குப் பிலிகுண்டுலுவில் தர வேண்டிய 192 டி.எம்.சி. 177.25 ஆகக் குறைக்கப்பட்டது. குறைத்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 டி.எம்.சி. பெங்களூர் நகரின் குடிநீர் முதலான தேவைகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. லிட்டரில் சொன்னால் ஆண்டுக்கு 13,450 கோடி. தீர்ப்பின் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை. இருமாநில மக்களோடும் நல்லுறவு வேண்டும் என்று நினைப்பவன் நான். ஒன்றை மட்டும் கேட்கிறேன். தஞ்சையிலும் கும்பகோணத்திலும் நம் அண்ணன் தம்பிகள் ஜூன் மாதம் மேட்டூர் திறக்குமா என்று காத்திருக்கிறார்கள். அவர்கள் பங்கிலிருந்து கழித்துத் தரப்பட்ட தண்ணீரில் நாம் ஸ்கூட்டர் கழுவலாமா? கன்னட அண்டை வீட்டாருக்கும் இதில் பங்கு உண்டு. மண்டியா விவசாயிக்கும் அதே ஆறுதான். எனவே பெங்களூரில் மிச்சப்படும் ஒவ்வொரு குடத்துக்கும் இரு பக்கமும் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. முதல் மாதம், சொட்டும் குழாய்களைச் சரிசெய்யுங்கள். சரிசெய்யும் முன் ஒரு நாள் முழுதும் அடியில் பாத்திரம் வைத்து அளந்து பாருங்கள். பிறகு யாரும் உங்களுக்கு உபதேசம் செய்ய வேண்டியிருக்காது. இரண்டாம் மாதம், குழாய் வாயில் காற்றும் நீரும் கலந்து வரும் சல்லடை மூடி பொருத்துங்கள். மூன்றாம் மாதம், அரிசி களைந்த நீர் செடிக்கும், வடிகட்டும் இயந்திரம் கழித்துவிடும் நீர் தரை துடைக்கவும் போகட்டும். சொந்த வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இவ்வூரில் ஆண்டுக்குச் சராசரி 970 மி.மீ. மழை. ஆயிரம் சதுர அடி மாடியில் ஏறக்குறைய 90,000 லிட்டர் விழுகிறது. அதில் பாதியைத் தேக்கினாலும் லாபம்தான். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்து வாடகைக்கு இருப்பவர்களிடம் தொட்டி கட்டச் சொல்வது நியாயமல்ல. அவர்களுக்கு வாளியும் பாத்திரமும் போதும்.

குப்பை எங்கே போகிறது?

2012-இல் மாவள்ளிபுராக் குப்பைக் கிடங்கு மூடப்பட்டபோது நகரத் தெருக்கள் நாறின. பிறகு சுமையெல்லாம் மண்டூர் கிராமத்துக்குப் போனது. அந்த ஊர் மக்கள் நோயையும் ஈயையும் நாற்றத்தையும் தாங்க முடியாமல் போராடி, 2014 டிசம்பரோடு அங்கும் கொட்டுவது நின்றது. நாம் தெருமுனையில் போடும் பை எங்கோ ஒரு கிராமத்தார் வாசலில்தான் போய் விழுகிறது. கிராமத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் நாம். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2015 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஈரக் குப்பைக்கு ஒரு தொட்டி, கழிவுக்கு ஒரு தொட்டி, உலர்ந்ததற்கு ஒரு பை என்று விதித்தது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் சிலர் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி, இருட்டியதும் மூலையில் வைத்துவிட்டு வருகிறார்கள். முதல் மாதம் பிரித்து மட்டும் வையுங்கள். அது பழக்கமான பிறகே உரம். துளையிட்ட மண்பானையில் அடியில் காய்ந்த இலை, மேலே காய்கறித் தோல், அதன்மேல் மீண்டும் இலையோ தென்னை நார்த் தூளோ, இடையிடையே கொஞ்சம் புளித்த மோர். ஈரம் கூடினால் புழுவும் வாடையும் வரும். காய்ந்த இலையைக் கூட்டினால் அடங்கும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் மண்வாசனையோடு உரம் கிடைக்கும். அதில் முதலில் கறிவேப்பிலை வையுங்கள். ஐந்து தொட்டிக்கு மேல் முதல் வருடம் வேண்டாம்.

அடுப்பங்கரை

உணவில் திடீர் மாற்றம் நிற்காததற்குக் காரணம் நாக்கு. உப்பை ஒரேயடியாகக் குறைத்தால் சாம்பாரே பிடிக்காமல் போய், அன்று அப்பளமும் ஊறுகாயும் இரட்டிப்பாகும். சிட்டிகை சிட்டிகையாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு அதற்குப் பழகிவிடும். பிறகு பழைய அளவுதான் கரிக்கும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேர் கொண்ட வீட்டில் ஒரு கிலோ பொட்டலம் குறைந்தது 50 நாள் வர வேண்டும். ஊறுகாய், சிப்ஸ், பேக்கரிப் பண்டங்களில் உள்ளது இதற்கு மேல் கணக்கு. பொட்டலத்தைப் பிரிக்கும் நாளில் அதன்மேல் தேதி எழுதுங்கள். எண்ணெய் டின்னுக்கும் அப்படியே. எங்கள் வீட்டில் இந்தத் தேதி எழுதும் வழக்கம், எந்த அறிவுரையையும்விட நன்றாக வேலை செய்கிறது.

தானியத்துக்கு வருவோம். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதற்குப் பிறகு கேழ்வரகு ஏதோ புது மருந்து போல விலை ஏறிய பாக்கெட்டில் வருகிறது. நம் பாட்டிமார் கிண்டிய களியும் இவ்வூர் விவசாயி உண்ணும் ராகி முத்தையும் உடன்பிறப்புகள். நூறு கிராமில் 300 மி.கிராமுக்கு மேல் கால்சியம் உள்ள தானியம். இந்த மாநிலத்திலேயே விளைவது. நெல்லைப் போல் தண்ணீர் கேட்காதது. வாரம் ஒரு வேளை என்று தொடங்குங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கேழ்வரகும் மாவுச்சத்துதான். அளவும், உடன் சேர்க்கும் கீரையும் பருப்பும் முக்கியம்.

பூஜ்ய பில்

2023 ஆகஸ்டிலிருந்து கிருஹ ஜோதித் திட்டத்தில் பல வீடுகளுக்கு மின்சார பில் பூஜ்யமாக வருகிறது. ஏழைக் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. குறை சொல்ல மாட்டேன். ஆனால் பில் பூஜ்யமானாலும் செலவு பூஜ்யமாவதில்லை. எங்கோ நிலக்கரி எரிகிறது. பழைய மின்விசிறி சுமார் 75 வாட் எடுக்கிறது. புதிய வகை 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் ஒரு விசிறியில் மட்டும் மாதம் 13 யூனிட் மிச்சம். அதற்காக ஓடுகிற விசிறியை இன்றே கழற்றி எறியாதீர்கள். பழுதானதும் மாற்றுங்கள். ஸ்லீப்பர் கதை இதுதான்.

யார் தலையில் சுமை?

இதையெல்லாம் எழுதுபவர்களில் பலரும், ஆண்களாகிய நாம், ஒன்றை வசதியாக மறந்துவிடுகிறோம். வீட்டில் மாற்றத்தை அறிவிப்பவர் ஆண். கூடுதல் வேலை விழுவது பெண் தலையில். குப்பையைப் பிரிப்பது, களி கிண்டுவது, கீரை ஆய்வது, துணிப்பை துவைப்பது எல்லாம் அவர்கள் கணக்கில் சேர்ந்தால், இரண்டே வாரத்தில் திட்டம் நிற்பதில் வியப்பென்ன? வேலைக்குப் போகும் மருமகளிடம் உரப்பானையை ஒப்படைப்பது சீர்திருத்தம் அல்ல. என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள் வீடுதோறும் இருக்கிறோம். உரப்பானை, கீரை ஆய்தல், உலர்ந்த குப்பைப் பை, குழாய் வாஷர் ஆகிய நான்கும் நம் பொறுப்பு என்று எடுத்துக்கொள்வோம். ரயில் பாதையில் கீமேன் தினமும் தன் எல்லையை நடந்து பார்த்து, தளர்ந்த சாவியைத் தட்டி இறுக்கி வருவார். அவர் நடக்காவிட்டால் எவ்வளவு உயர்ந்த பாதையும் கெட்டுப்போகும். ஓய்வு பெற்ற தாத்தா வீட்டின் கீமேனாக இருக்கட்டும்.

“நான் ஒருவன் மாறி என்ன ஆகப்போகிறது? எதிரே அடுக்குமாடியில் டாங்கர் டாங்கராக இறங்குகிறதே” என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பெரிய கட்டடங்களையும் தொழிற்சாலைகளையும் சட்டம்தான் கட்டுப்படுத்த வேண்டும். அதை நாம் கேட்கவும் வேண்டும். ஆனால் தன் வீட்டுக் கணக்கைக் கையில் வைத்திருப்பவன் கேட்கும் கேள்விக்குத்தான் கனம் உண்டு. மேலும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் குறைவது எதிர் வீட்டைக் கேட்டு அல்ல.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். மாதம் ஒரே ஒரு மாற்றம். தண்ணீர் பில்லில் உள்ள அளவு, மின் யூனிட், உப்புப் பொட்டலத் தேதி, சமையல் வாயு சிலிண்டர் வந்த தேதி, இந்த நான்கையும் குறித்து வாருங்கள். ஒரு மாற்றம் யாரும் நினைவூட்டாமலே நடக்கும்போது அடுத்ததற்குப் போங்கள். நடக்கவில்லையென்றால் அதிலேயே இன்னொரு மாதம் நில்லுங்கள். நம் சங்கக் குடும்பக் கூட்டங்களில் பாட்டும் நாடகமும் இருக்கட்டும். கூடவே பத்து நிமிடம் ஒரு குடும்பம் தன் நோட்டைப் படிக்கட்டும். வருடத்தில் பன்னிரண்டு மாற்றம் வேண்டாம், ஐந்து நிலைத்தால் போதும்.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நாம் அம்மியைத் தூக்க முயன்று இடுப்பைப் பிடித்துக்கொள்கிறோம். இந்த இதழை மடித்து வைத்ததும் சமையலறைக் குழாயைப் போய்ப் பாருங்கள். சொட்டுகிறதா? இந்த மாதத்துக்கு அது போதும்.