அடுப்புக்கு முன்னால் சுவரைப் பாருங்க!



போன மாசம் எங்க வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு வாங்கினோம். அம்மா கலரைப் பார்த்தாங்க, அப்பா விலையைப் பார்த்தாரு. பெட்டி மேல் இருந்த 2000 வாட்ஸை யாருமே பார்க்கவில்லை. நானும்தான்!

அதை 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 8.7 ஆம்பியர். டிவி மாட்டுகிற சின்ன பிளக் பாயிண்ட் தாங்குவது 6 ஆம்பியர்தான். அடுப்பின் தடித்த பின் அதில் நுழையவில்லை. உடனே ஒரு கன்வர்ட்டர் பிளக் வாங்கி மாட்டினோம். மூன்றாம் நாள் சாம்பார் கொதிக்கும்போது பிளாஸ்டிக் கருகுற நாற்றம்! நல்லவேளை, பாட்டி ஓடிப்போய் மெயினை நிறுத்திட்டாங்க.

என் கருத்து என்னவென்றால், இந்த அடுப்புக்குக் கன்வர்ட்டர் போடவே கூடாது. பின் நுழையவில்லை என்றால் அந்தப் பாயிண்ட் அதற்கு ஆகாது என்றுதானே அர்த்தம்? 16 ஆம்பியர் பாயிண்ட், அதற்கேற்ற தடிமனான வயர், எர்த் மூன்றும் வேணும். வயரிங் மாற்ற இப்போ காசு இல்லையா? 1200 வாட்ஸ் அடுப்பு வாங்குங்க. அது 5.2 ஆம்பியர்தான் இழுக்கும். சோறு கொஞ்சம் மெதுவாக வேகும், வேகட்டுமே! (அலுமினியச் சட்டி இதில் சூடே ஆகாது, அது தனிக்கதை.)

எங்க வீட்டில் புது வயர் இழுத்தாச்சு. அந்தச் செலவைச் சொல்லி அப்பா இன்னும் புலம்புறாரு.

– 9ஆம் வகுப்பு மாணவி